கணினியை எடுத்துப் போனாலும் கிடைக்காத பெயர்

குறியாக்கம் என்பது, சாவி வைத்திருப்பவரைத் தவிர வேறு எவரும் படிக்க முடியாத எண்குவியலாக ஒரு செய்தியை மாற்றிவைக்கும் கணித முறை. வங்கிச் செயலியைத் திறக்கும்போதும், வாட்ஸ்அப்பில் வீட்டுக்குச் செய்தி அனுப்பும்போதும் அது பின்னணியில் வேலை செய்கிறது. பெரும்பாலோருக்கு அது காப்பது பணத்தை. ஆனால் ஒரு கடிதத்தை எழுதியவர் யார், அடிபட்ட ஒரு பெண் எந்த வீட்டில் தங்கியிருக்கிறார், ஓர் அகதி யாரிடமிருந்து தப்பி வந்தார், ஒருவருக்கு என்ன நோய் என்பவையும் தகவல்கள்தாம். இவை வேண்டாதவர் கைக்குப் போனால் பறிபோவது வேலை, விடுதலை, சில வேளைகளில் உயிர்.

இதைத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று கோலாலம்பூரின் பங்சாரில் நடந்தது. ஸ்டீவன் கானும் பிரமேஷ் சந்திரனும் 1999 நவம்பரில் தொடங்கிய மலேசியாகினி இணையச் செய்தித்தளத்தின் அலுவலகம் அப்போது பங்சார் உத்தாமாவில் இருந்தது. 2003 ஜனவரியில் அதன் வாசகர் கடிதப் பகுதியில் புனைபெயரில் ஒரு கடிதம் வெளியானது. மலாய்க்காரர்களின் சிறப்புரிமையைக் கேள்வி கேட்டு, அப்போதைய ஆளுங்கட்சியான அம்னோவின் இளைஞர் பிரிவைக் கடுமையாகச் சாடியது அக்கடிதம். இளைஞர் பிரிவு போலீசில் புகார் கொடுத்தது. 1948ஆம் ஆண்டின் தேச நிந்தனைச் சட்டத்தின் கீழ் விசாரணை தொடங்கியது. எழுதியவர் யார் என்று போலீசார் கேட்டார்கள். ஆசிரியர் குழு சொல்ல மறுத்துவிட்டது. ஜனவரி 20ஆம் நாள் அலுவலகத்துக்கு வந்த போலீசார் 15 கணினிகளையும் 4 சேவைக் கணினிகளையும் எடுத்துச் சென்றனர். தளம் அன்றைக்கே சில மணி நேரத்தில் மீண்டு வந்தது. நாட்டின் பத்திரிகை வரலாற்றில் அந்தச் சோதனைக்குத் தனி இடம் உண்டு.

அந்தச் சட்டத்தின் கீழ் முதல் குற்றத்துக்கே மூன்று ஆண்டு வரை சிறை விதிக்கலாம். ஆகவே கடிதம் எழுதியவரின் பெயர் விளையாட்டுச் செய்தியல்ல. அதைக் காக்க ஆசிரியர்கள் வாய் திறக்காமல் இருந்தார்கள். அது பெரிய துணிவு. ஆனால் மனிதர் மறுக்கலாம், வன்தட்டு மறுக்காது. பூட்டப்படாத வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டினால் அதிலுள்ள மின்னஞ்சல், வரைவு, முகவரிப் பட்டியல் எல்லாம் திறந்து கிடக்கும். ஒரு செய்தி நிறுவனத்தின் 19 கணினிகளில் ஒரே ஒரு கடிதம் எழுதியவரின் தடயம் மட்டுமா இருக்கும்? அந்த விசாரணைக்குத் துளியும் தொடர்பில்லாத எத்தனையோ பேர், தங்கள் பெயர் வெளிவராது என்று நம்பி எழுதிய கடிதங்களும் கொடுத்த தகவல்களும் அவற்றில் இருக்கும். ஒருவரைத் தேடும் வலையில் எல்லாருமே சிக்குகிறார்கள்.

வன்தட்டு முழுவதையும் குறியாக்கம் செய்யும் வசதி அந்தக் காலத்தில் சாதாரணக் கணினிகளோடு சேர்ந்து வரவில்லை. மைக்ரோசாப்டின் பிட்லாக்கர் 2007இல்தான் விண்டோஸுடன் வந்தது. ஐபோனில் கடவுஎண் இல்லாமல் ஆப்பிள் நிறுவனத்தாலேயே திறக்க முடியாத நிலை 2014இல் வந்தது. ஆண்ட்ராய்டு கருவிகளுக்கு அடுத்த ஆண்டிலிருந்து இது மெல்ல மெல்லக் கட்டாயமானது. இன்றைக்கு ஒருவர் கையிலிருக்கும் சராசரித் திறன்பேசி, 2003இல் ஒரு செய்தி நிறுவனத்துக்கே எளிதில் கிடைக்காத பாதுகாப்போடு கடையிலிருந்து வருகிறது.

இந்தப் பூட்டின் வலிமை ரகசியமான வழிமுறையில் இல்லை. இன்று பரவலாக வழங்கும் ஏஇஎஸ் என்ற முறையை யோன் டேமன், வின்சென்ட் ரேமன் என்னும் இரண்டு பெல்ஜிய அறிஞர்கள் வடிவமைத்தார்கள். 2001இல் அமெரிக்கா அதைத் தர முறையாக ஏற்றது. அதன் செய்முறை முழுவதும் அச்சில் இருக்கிறது. யாரும் படிக்கலாம், குறை காண முயலலாம். ரகசியம் சாவியில் மட்டுமே. 128 பிட் நீளச் சாவிக்கு எத்தனை வாய்ப்புகள் என்று எழுதினால் 39 இலக்க எண் வரும். நொடிக்கு ஒரு லட்சம் கோடிச் சாவிகளைச் சோதிக்கும் கணினி இருந்தாலும், எல்லாவற்றையும் சோதித்து முடிக்கப் பிரபஞ்சத்தின் வயதைப் போலப் பல கோடி மடங்கு காலம் ஆகும். அதனால்தான் உடைக்க நினைப்பவர்கள் கணிதத்தோடு மோதுவதில்லை. சாவியை வைத்திருக்கும் மனிதரையும் கருவியையும் குறிவைக்கிறார்கள்.

சாவியை எப்படிக் கைமாற்றுவது என்பது பல நூற்றாண்டுக் காலச் சிக்கல். ஈப்போவில் இருப்பவர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருப்பவருக்கு ரகசியம் அனுப்ப வேண்டுமென்றால், முதலில் இருவரும் சந்தித்து ஒரு சாவியைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. 1976இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் இதற்கு விடை கண்டு வெளியிட்டார்கள். அதிலிருந்து வளர்ந்த முறையில் ஒவ்வொருவரிடமும் இரண்டு சாவிகள். ஒன்று பொதுச்சாவி, அது திறந்து வைத்த பூட்டைப் போல, யார் வேண்டுமானாலும் வாங்கிச் சென்று தங்கள் பெட்டியைப் பூட்டி அனுப்பலாம். திறக்க முடிவது சொந்தக்காரரிடம் மட்டுமே உள்ள தனிச்சாவியால். முன்பின் சந்திக்காத இருவர் இப்படித்தான் ரகசியம் பேசுகிறார்கள். 1991இல் ஃபில் சிம்மர்மன் பிஜிபி என்ற மென்பொருளை எழுதி இதைச் சாதாரண மக்கள் கையில் கொடுத்தார். ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தை மீறினாரா என்று அமெரிக்க அரசு அவரை மூன்று ஆண்டு விசாரித்து, 1996இல் வழக்கில்லாமல் கைவிட்டது. 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் தன் எல்லாப் பயனர்களுக்கும் முனைக்கு முனை குறியாக்கத்தைக் கொண்டுவந்தது. அனுப்புபவரின் கருவியில் பூட்டப்பட்டு, பெறுபவரின் கருவியில் மட்டுமே செய்தி திறக்கிறது. நடுவிலுள்ள நிறுவனம் சுமந்து செல்கிறதே தவிரப் படிக்க முடியாது.

சாதாரணக் குறுஞ்செய்தியில் இந்த ஏற்பாடு இல்லை. தொலைபேசி நிறுவனத்தின் கட்டமைப்புக்குள் அது படிக்கக்கூடிய எழுத்தாகவே கடந்துபோகிறது. 2007 நவம்பர் 25இல் பல்லாயிரம் தமிழர்கள் கோலாலம்பூர் வீதிகளில் திரண்ட, இந்தியர் உரிமை இயக்கமான ஹிண்ட்ராஃபின் பேரணிக் காலத்தில் மக்களிடம் இருந்தது அந்தக் குறுஞ்செய்திதான். அடுத்த மாதம் 13ஆம் நாள் அந்த இயக்கத்தின் ஐவர் விசாரணையின்றித் தடுத்துவைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கைதானார்கள். தலைவர்கள் மேடையில் நின்றவர்கள். அவர்களைக் குறியாக்கம் காத்திருக்காது. எந்த இயக்கத்திலும் அது காக்கக்கூடியது பெயர் தெரியாத கூட்டத்தை: பேருந்து ஏற்பாடு செய்தவரை, பணம் கொடுத்த கடைக்காரரை, தோட்டப்புறத்திலிருந்து செய்தி சொன்ன அரசு ஊழியரை.

இந்த வேறுபாடு இலங்கையில் இன்னும் கொடுமையாகப் புலப்படும். யாழ்ப்பாணத்திலிருந்து பிபிசிக்குச் செய்தி அனுப்பிய மயில்வாகனம் நிமலராஜன் 2000 அக்டோபரில் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். ‘தராகி’ என்ற பெயரில் எழுதிய தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரல் 28இல் கொழும்பில் கடத்தப்பட்டு, மறுநாள் பிணமாகக் கிடந்தார். பத்திரிகையாசிரியர் லசந்த விக்ரமதுங்க 2009 ஜனவரி 8இல் பட்டப்பகலில் தாக்கிக் கொல்லப்பட்டார். இவர்கள் பெயரும் முகமும் ஊரறிந்தவை. கொலைகாரர்களுக்கு எந்தக் கோப்பையும் திறக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆனால் இந்தப் பத்திரிகையாளர்களிடம் பேசிய சாட்சிகள், காணாமல்போன மகனைப் பற்றி வாக்குமூலம் கொடுத்த தாய்மார்கள் ஆகியோரின் பெயர்கள் குறிப்பேட்டிலோ கணினியிலோ இருந்திருக்கும். அவற்றைத் தேடித்தான் அலுவலகங்கள் சூறையாடப்படுகின்றன. இத்தகைய பெயர்களைக் காக்கவே கலிபோர்னியாவின் பெனடெக் என்ற லாபநோக்கற்ற நிறுவனம் 2003இல் மார்ட்டஸ் என்ற மென்பொருளை வெளியிட்டது. அதில் வாக்குமூலம் தட்டச்சு செய்த இடத்திலேயே பூட்டப்பட்டது. படி ஒன்று வேறொரு நாட்டுச் சேவைக் கணினிக்குப் போனது. அந்தக் கணினியை நடத்தியவர்களிடமும் சாவி இருக்கவில்லை. அலுவலகம் எரிந்தாலும் சாட்சியம் அழியாது, கணினி களவு போனாலும் சாட்சியின் பெயர் வெளிவராது. இலங்கை, குவாத்தமாலா போன்ற நாடுகளின் மனித உரிமைக் குழுக்கள் இதைப் பயன்படுத்தின.

அரசுகளின் கையிலுள்ள பட்டியல்கள் இதைவிடப் பெரிய ஆபத்து. 2022 பிப்ரவரியில் பிரிட்டனின் தற்காப்பு அமைச்சில் ஒருவர், தாலிபானிடமிருந்து தப்ப விண்ணப்பித்த ஏறத்தாழ 19,000 ஆப்கானியர்களின் விவரம் அடங்கிய விரிதாளைத் தவறுதலாக மின்னஞ்சலில் வெளியே அனுப்பிவிட்டார். அதன் ஒரு பகுதி மறு ஆண்டு ஃபேஸ்புக்கில் தலைகாட்டியது. பிரிட்டன் ஆயிரக்கணக்கானவர்களை ரகசியமாக வரவழைக்க வேண்டியதாயிற்று. 2025 ஜூலை வரை நீதிமன்றத் தடையால் இந்தச் செய்தியே வெளிவரவில்லை. அந்தக் கோப்பு பூட்டப்பட்டு, சாவி தனியாக இருந்திருந்தால், தவறான முகவரிக்குப் போனதும் வெறும் எண்குவியலாக முடிந்திருக்கும்.

அக்கரையில் சிங்கப்பூரில், எச்ஐவி தொற்றியவர்களின் பதிவேட்டிலிருந்து 14,200 பேரின் பெயர்களும் விவரங்களும் இணையத்தில் வெளியானதை 2019 ஜனவரியில் சுகாதார அமைச்சு அறிவித்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வெளிநாட்டவர். நோயைவிட அதன் பெயர் வெளிவருவதுதான் பலருக்குப் பெரிய அச்சம் என்பது நம் குடும்பங்கள் அறிந்ததே.

மருத்துவத்தில் குறியாக்கம் நேரடியாகவே உயிரோடு தொடர்புடையது. நெஞ்சுக்குள் பதிக்கும் இதயத்துடிப்புக் கருவிகள் வெளியிலுள்ள இயந்திரத்தோடு வானலை மூலம் பேசுகின்றன. மெட்ரானிக் நிறுவனத்தின் சில வகைக் கருவிகளில் இந்தப் பேச்சுக்குக் குறியாக்கமும் இல்லை, எதிரில் பேசுவது யார் என்று சரிபார்க்கும் முறையும் இல்லை என்று 2019 மார்ச்சில் அமெரிக்க அரசு எச்சரித்தது. அருகில் வருபவர் அமைப்புகளை மாற்றிவிடக்கூடிய ஓட்டை அது. அந்த வழியில் எவரும் தாக்கப்பட்டதாகச் செய்தி இல்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கின் சாதாரண வீடுகளில் இந்த ஆபத்து வேறு வடிவம் எடுக்கிறது. பெண்கள் உதவி அமைப்பு 1982 முதல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்குப் புகலிடம் நடத்துகிறது. இப்போது வாட்ஸ்அப் வழியாகவும் அவர்களோடு பேசுகிறது. பக்கத்து அறையில் கணவன் இருக்கும்போது தொலைபேசியில் பேச முடியாத பெண்ணுக்கு எழுத்தே வழி. இங்கே அச்சுறுத்துபவர் அரசோ நிறுவனமோ அல்ல, கடவுஎண் தெரிந்த கணவன். முனைக்கு முனை குறியாக்கம் வழியில் ஒட்டுக்கேட்பவரைத் தடுக்கும்; கருவியைக் கையில் எடுத்துப் பார்ப்பவரைத் தடுக்காது. பிள்ளையின் பிறந்தநாளைக் கடவுஎண்ணாக வைத்திருந்தால் பூட்டுக்குப் பொருளில்லை. வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட கருவிகள்’ என்ற பட்டியலில் தெரியாத கணினி ஒன்று இருந்தால், அவர் எழுதும் ஒவ்வொரு வரியும் அங்கேயும் வந்து விழும். இந்தப் பட்டியலைப் பார்ப்பது, புதிய கடவுஎண் வைப்பது, குறிப்பிட்ட காலத்தில் தானே மறையும் செய்தி வசதியைப் போடுவது ஆகிய மூன்றும் அவருக்கு எந்தக் கணிதத்தையும்விட முக்கியம். ஆனால் திடீரென்று கடவுஎண்ணை மாற்றுவதே சந்தேகத்தைக் கிளப்பி அடியில் முடியலாம். அந்த நிலையில் இருப்பவர், உதவி அமைப்பினரிடம் நம்பிக்கையான வேறொருவரின் தொலைபேசியிலிருந்து பேசிவிட்டுச் செய்வதே பாதுகாப்பு.

குறியாக்கம் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதை மலேசியர்கள் மொத்தமாகவே அனுபவித்திருக்கிறார்கள். 2017 அக்டோபரில் லோயாட் இணையத்தளம் வெளிப்படுத்திய கசிவில் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் இருந்தன. நாட்டின் மக்கள்தொகை அப்போது சுமார் 3 கோடியே 20 லட்சம். பெயர், முகவரி, அடையாள அட்டை எண் எல்லாம் அதில் அடக்கம். ‘மக்காவ்’ எனப்படும் தொலைபேசி மோசடியில் ஈடுபடுபவர்கள் போலீஸ் என்றும் வங்கி என்றும் சொல்லி அழைக்கும்போது முதியவர்கள் நம்பிவிடுவதற்கு ஒரு பெருங்காரணம், எதிர்முனையில் இருப்பவர் அடையாள அட்டை எண்ணைத் தவறில்லாமல் சொல்வதுதான். இந்த மோசடிகளில் போவது பல வேளைகளில் வாழ்நாள் சேமிப்பு. மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில், குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுஎண்ணைக் கைவிட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாறுமாறு வங்கிகளைப் பணித்தது.

குறியாக்கம் காக்காத இடங்களைச் சொல்லாமல் விட்டால், அதை நம்பியவர்களையே ஆபத்தில் தள்ளியதாகும். முதலாவது, யார் யாரோடு எப்போது எங்கிருந்து பேசினார் என்ற குறிப்பு. செய்தி பூட்டியிருந்தாலும் இந்தக் குறிப்பு பல இடங்களில் தங்குகிறது. ஒரு பெண் இரவு 11 மணிக்குப் புகலிடத்தின் எண்ணை அழைத்தார் என்ற ஒரு வரி போதும். என்ன பேசினார் என்று தெரிய வேண்டியதில்லை. 2025 ஜூனில், மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் கைப்பேசி நிறுவனங்களிடம் அவ்வாண்டின் முதல் மூன்று மாத அழைப்பு, இடத் தரவுகளைக் கேட்டிருந்த செய்தி வெளிவந்தது. பெயர் நீக்கிய தரவுதான், சுற்றுலாப் புள்ளிவிவரத்துக்கும் கொள்கை வகுக்கவும்தான் என்று ஆணையம் விளக்கம் தந்தது. அந்த நோக்கம் உண்மையாகவே இருக்கட்டும். தினமும் இரவில் எந்த வீட்டில், பகலில் எந்த அலுவலகத்தில் ஒரு கைப்பேசி இருக்கிறது என்று தெரிந்தால், பெயரில்லாமலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதும் உண்மை.

இரண்டாவது, கருவியே வசப்பட்டுப் போவது. டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வுக்குழு 2013 மே மாதம், மலேசியாவின் 13ஆவது பொதுத்தேர்தல் வேட்பாளர்களைப் பற்றிய மலாய் ஆவணம் ஒன்றுக்குள் ஃபின்ஸ்பை என்ற உளவு மென்பொருள் ஒளித்துவைக்கப்பட்டிருந்ததைக் கண்டறிந்தது. அப்படி ஒன்று நுழைந்துவிட்டால், பூட்டுவதற்கு முன்பே திரையில் இருப்பதைப் படித்துவிடும். இதன் துயரம் தமிழர்களுக்கு நெருக்கமானது. திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்டின் பழங்குடி மக்களிடையே பணியாற்றிய பாதிரியார் ஸ்டேன் சுவாமி, பயங்கரவாதக் குற்றச்சாட்டு உள்ள பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபரில் கைதாகி, 2021 ஜூலை 5இல் தம் 84ஆம் வயதில் காவலிலேயே இறந்தார். அவருக்கு எதிரான ஆதாரங்களில் அவருடைய கணினியில் இருந்த கோப்புகளும் அடங்கும். கணினிக்குள் ஊடுருவிய ஒருவர் அந்தக் கோப்புகளை வெளியிலிருந்து உள்ளே வைத்தார் என்று அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம் 2022 டிசம்பரில் அறிக்கை தந்தது. அந்த மனிதர் அதைக் கேட்க இல்லை.

மற்றவை சிறியவை, ஆனால் பலர் அறியாதவை. டெலிகிராமின் வழக்கமான உரையாடல்களும் குழுக்களும் முனைக்கு முனை பூட்டப்படுவதில்லை. ‘ரகசிய உரையாடல்’ என்று தனியே தொடங்கினால் மட்டுமே உண்டு. வாட்ஸ்அப் உரையாடல்களின் காப்புப்படிக்கு 2021 முதல் குறியாக்க வசதி இருந்தாலும், பயனர்தான் அதை இயக்க வேண்டும். நான்கு இலக்கக் கடவுஎண்ணுக்கு 10,000 வாய்ப்புகளே; ஆறு இலக்கத்துக்குப் பத்து லட்சம்.

சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது? மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 116பி பிரிவின்படி, சோதனை நடத்தும் இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத அதிகாரிக்குக் கணினித் தரவைத் திறந்துகாட்ட வேண்டும். கடவுச்சொல்லும் குறியாக்கச் சாவியும் அதில் அடக்கம். ஆகவே 2003இல் மலேசியாகினியிலிருந்து எடுத்துச் சென்றவை போன்ற கணினிகள் இன்று பூட்டியிருந்தாலும், சாவியைக் கேட்க அதிகாரிக்கு உரிமை உண்டு. ஆனால் கேட்பது வேறு, கேட்காமலே படிப்பது வேறு. சாவியைக் கேட்கும்போது கேட்கப்படுபவருக்குத் தெரிகிறது. அவர் வழக்கறிஞரை அழைக்கலாம், நீதிமன்றம் போகலாம். பூட்டு இல்லாத கணினியில் அந்த இடைவெளியே இல்லை.

இதைத் தாண்டி, குறியாக்கத்திலேயே அரசுக்கு ஒரு பின்வாசல் வேண்டும் என்ற கோரிக்கை பல நாடுகளில் எழுகிறது. சென்னை உயர்நீதிமன்றத்தில் 2018இல் தொடங்கிய ஒரு வழக்கு இந்தக் கேள்விக்கு வந்து நின்றது. வாட்ஸ்அப்பில் பரவும் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்ட முடியும், ஒவ்வொரு செய்தியோடும் அந்த விவரத்தை இணைத்து அனுப்பலாம் என்று சென்னை ஐஐடியின் பேராசிரியர் வி. காமகோடி யோசனை சொன்னார். மும்பை ஐஐடியின் மனோஜ் பிரபாகரன் அதை மறுத்து எழுதினார். வழக்கு உச்சநீதிமன்றத்துக்கு மாறியது. 2021இல் இந்திய அரசு, முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்டும் கடமையை விதியாகவே கொண்டுவர, வாட்ஸ்அப் அதை எதிர்த்து டெல்லி உயர்நீதிமன்றம் சென்றது.

குழந்தைகளைச் சிதைக்கும் படங்களைப் பரப்புகிறவர்களும் இதே பூட்டுக்குப் பின்னால்தான் ஒளிகிறார்கள் என்ற வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அந்தக் குழந்தைகளின் உயிரும் உயிர்தான். ஆனால் நல்லவருக்கு மட்டும் திறக்கும் வாசலை இதுவரை யாரும் கட்டியதில்லை. கிரீஸில் தொலைபேசி நிறுவனத்தின் கருவியில் சட்டபூர்வ ஒட்டுக்கேட்புக்காக இருந்த வசதியை 2004, 2005 ஆண்டுகளில் யாரோ திருட்டுத்தனமாக இயக்கி, பிரதமர் உட்பட நூற்றுக்கு மேற்பட்டவர்களின் பேச்சைக் கேட்டார்கள். 2024இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களுக்குள் புகுந்த சீன ஊடுருவல்காரர்கள், நீதிமன்ற உத்தரவின் பேரில் ஒட்டுக்கேட்கும் அமைப்புகள் வரை எட்டினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்க இணையப் பாதுகாப்பு அமைப்பே, முக்கியப் பொறுப்பிலிருப்பவர்கள் முனைக்கு முனை குறியாக்கம் உள்ள செயலிகளில் மட்டும் பேசுமாறு அறிவுறுத்தியது.

மலேசிய நாடாளுமன்றம் 2024 டிசம்பரில் நிறைவேற்றிய இணையப் பாதுகாப்புச் சட்டம் தனிப்பட்ட செய்திப் பரிமாற்றத்தைத் தன் எல்லைக்கு வெளியே விட்டிருக்கிறது. நல்ல முடிவு அது. ஆனால் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட்டரசு, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்துவதில்லை. வாடிக்கையாளரின் அடையாள அட்டை எண்ணைப் பத்திரமாக வைக்கும் சட்டக் கடமை கடைக்காரருக்கு உண்டு. அதே எண்ணை வைத்திருக்கும் அரசு அலுவலகத்துக்கு அந்தச் சட்டத்தின் கீழ் அக்கடமை கிடையாது.